கரண்ட் போன நேரத்துச் சாமுராய்

சிதம்பரம் கல்லூரியொன்றில் திரைப்பட மன்றம் தொடங்கிய சார்லசுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பழைய ஜப்பானிய சாமுராய் படம் ஒன்றை நாலைந்து தடவை பார்த்திருப்பதாக அனுப்பிரியாவிடம் அளந்துவிட்டான். உண்மையில் அவன் பார்த்தது டிவிடி அட்டையை மட்டும்தான். மன்றத்தின் செயலாளரான அவளுக்கோ, பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. அவள் மேல் அவனுக்கு ஆசை இருப்பது கல்லூரிக்கே தெரியும். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

“நல்லதாப் போச்சு, அந்தப் படத்தயே போடுங்க,” என்றாள் அவள்.

2012இல் மாதம் பிறந்தால் கரண்ட் கட் நேரம் மாறும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை மறந்து, போன மாதத்து நினைப்பிலேயே ஒன்றாம் தேதி மதியம் படத்தைப் போட்டான் சார்லஸ். படமென்னவோ அருமை. நூறு பேரை வெட்டியவன் என்று பேரெடுத்த கிழட்டு வீரனை ஓர் இளைஞன் சண்டைக்கு இழுக்கிறான். கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் வாளை உருவிக்கொண்டு நிற்கிறார்கள். பட்டென்று ஃபேன் நின்றது, படமும் போனது.

“யார்றா ஜெயிச்சது?” என்று கத்தினான் சார்லசின் கூட்டாளி தேவநாதன். “கரண்ட் வர ரெண்டு மணி நேரம் ஆவும். நீயே சொல்லிடு மச்சான்!”

“ஆமா, நாலஞ்சு தடவ பாத்தவராச்சே,” என்றாள் அனுப்பிரியா.

சார்லசுக்கு வியர்த்துக் கொட்டியது. எதையாவது அடித்துவிட்டால் மீதிப் படத்தை நாளைக்கே பார்த்துவிடுவாள். அதோடு கதை முடிந்தது. எழுந்து நின்றான்.

“கெழவன் வாள கீழ போட்டுட்டான். ‘நான் ஒருத்தனையும் வெட்டுனதில்ல. பேசிப் பேசியே பேர் வாங்கிட்டேன். ஒன் முன்னாடி பொய்யா நிக்க முடியல’ன்னான்.”

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அனுப்பிரியா அவனையே பார்த்தாள். “நெசமாவே ஒருத்தனையும் வெட்டுனதில்லயா?”

“இல்லிங்க. அட்டைய மட்டுந்தான் பாத்திருக்கான்.”

“எந்த அட்டடா?” என்றான் தேவநாதன். “சரி, அந்தச் சின்னவன் என்னா பண்ணான்?”

“அது எனக்குத் தெரியாது.”

அனுப்பிரியா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“வெட்டத்தான் வந்தான்,” என்றாள் அவள். “கெழவன் இப்பத்தான் மொதமொதல்ல உண்ம பேசுறான்னு வாள உறைல போட்டுட்டான். ‘வா, கீழ வீதில டீ குடிச்சிக்கிட்டே மிச்சத்தயும் சொல்லு’ன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டான்.”

“ஜப்பான்ல ஏது நம்ம ஊரு கீழ வீதி?” என்று தேவநாதன் கேட்டபோது, இரண்டு பேரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.