வாசலை அடைத்த கட்டை

தையல்காரி வீட்டு வாசலில் இருந்த மரத்தை வெட்டி இரண்டு வருஷம் ஆகிறது. வேர் போய்ச் சாக்கடைக் குழாயை உடைத்ததால் வெட்டினார்கள். வெட்ட வந்தவர்கள் முழங்கால் உயரம் வரைக்கும் வெட்டிவிட்டு, "அடிக்கட்டை எடுக்கறது எங்க வேலை இல்லைங்க" என்று ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்படி மிஞ்சியதுதான் அந்தக் கட்டை. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் டீ டம்ளரும் வைத்துக்கொள்கிற அகலம். ஆசாரியை வைத்து அளவெடுத்துச் செய்தாலும் அப்படி அமையாது. மரம் வெட்டிய மறுநாள் காலையில் அத்தான் வந்து அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

அத்தான் என்றால் தையல்காரியின் அக்கா வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலை அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் வேலைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. எதிரில் வருகிற யாரையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. காலை எட்டு மணிக்கு வந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் காணாமல் போவார், அவ்வளவுதான்.

தையல்காரிக்குக் கடை தனியாகக் கிடையாது. வீட்டு முன்னறைதான் கடை. தையல் மெஷின் ஒன்று, ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்று, அளவெடுக்க மூலையில் ஒரு திரை. வருகிறவர்கள் எல்லாம் பெண்கள். அவர்கள் அத்தனை பேரும் அத்தானைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். "போன மாசம் தைச்சதே இன்னும் சாயம் போகலை, அதுக்குள்ள இன்னொண்ணா?" என்பார் ஒருத்தியிடம். "சின்னவளே, இவங்களுக்குப் பிடிச்சுத் தைக்காதே, இன்னும் ஊதுவாங்க" என்று இன்னொருத்தியைக் காட்டி உள்ளே குரல் கொடுப்பார். கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. வாய்க்குத்தான் பூட்டும் கிடையாது.

தையல்காரியின் வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பவர். போனில் சொன்னால், "பெரிய மனுஷன், ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போகட்டுமே" என்பார். ஊரிலேயே இல்லாதவருக்குத் தாராள மனசு வருவதில் என்ன ஆச்சரியம்? அக்காவிடம் சொன்னால் அது இன்னும் மோசம். அக்காதான் தினமும் ஏழே முக்காலுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்து, செருப்பையும் திருப்பிப் போட்டு வைத்து அவரை அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் இருந்தால் அடுப்பு, அலமாரி, உப்பு டப்பா வரைக்கும் பரிசோதனை நடக்கும். இரண்டு வருஷமாக நிம்மதியாக மூச்சு விடுகிறவள் அதை விட்டுக்கொடுப்பாளா?

அக்கா தங்கைக்குள் ஒரு ரகசியப் பாஷை உண்டு. அத்தானுக்கு அவர்கள் வைத்த பெயர் கட்டை.

"கட்டை கிளம்பிடுச்சுடி" என்று காலையில் அக்கா போன் பண்ணுவாள்.

"வந்து உக்காந்தாச்சு" என்று இவள் பதில் சொல்வாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிஜக்கட்டைமேல் உட்கார்ந்து அத்தான் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அந்த மாதம் தலைமை நர்ஸ் வந்தாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் நாற்பது நர்சுகள். நாற்பது பேருக்கும் புது யூனிஃபார்ம். மாதிரிக்கு முதலில் தனக்கு ஒன்று தைத்துப் பார்க்க வந்தாள். தையல்காரிக்கு அந்த ஆர்டர் கிடைத்தால் வருஷம் முழுக்க வேலை, கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம், முன்னறையைக் கடை என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்ளலாம். நர்ஸ் வருவதாகப் போன் வந்ததிலிருந்து இரண்டு ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

தலைமை நர்ஸ் வாசல்படியில் கால் வைத்தாள். அத்தான் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார். "சின்னவளே, டேப் பத்துமா? இல்ல, ரெண்டை முடிச்சுப் போட்டுக்கறியா?"

தலைமை நர்ஸ் முகம் சுண்டிவிட்டது. அளவு கொடுத்துவிட்டுப் போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தையல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ஆளு வாசல்ல இருக்கிற வரைக்கும் என் பொண்ணுங்களை இங்க அனுப்ப மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

அத்தானிடம் நேரே சொல்லிவிடலாம்தான். ஆனால் அவளுடைய முதல் தையல் மெஷினைத் தோளில் சுமந்துவந்து அந்த அறையில் இறக்கியவரே அவர்தான். அந்த மனுஷனிடம் போய், எழுந்து போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? மனுஷனை எழுப்ப முடியாவிட்டால் உட்காருகிற இடத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினாள்.

"அத்தான், அந்தக் கட்டையில கரையான் வருது. எடுத்துடலாம்னு பாக்கறேன்."

மறுநாள் அத்தான் மருந்தோடு வந்தார். கட்டையில் ஓட்டை போட்டார், மருந்தை ஊற்றினார், மெழுகால் அடைத்தார். "இனிமே நூறு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றார்.

"வர்றவங்க தடுக்கி விழறாங்க அத்தான்."

அத்தான் கட்டையைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். இப்போது அது இருட்டில்கூடப் பளிச்சென்று தெரிந்தது. தையல்காரிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

அன்று மத்தியானம் அக்காவைப் போனில் பிடித்து உலுக்கிவிட்டாள். "எனக்கு இந்தக் கட்டை வேண்டவே வேண்டாம்க்கா. என் பொழைப்பே போகுது. நீயே வச்சுக்கோ!"

"நான் வச்சுக்கிட்டு என்னடி பண்றது? உன் வீட்டுல ஒரு மூலையிலதானே கிடக்குது?"

"உன் கட்டையை நீதான் பாத்துக்கணும். நான் எத்தனை நாளைக்குச் சுமக்கறது?"

பேசி முடித்துத் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டாரோ? அவரோ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நேரத்தோடே கிளம்பிவிட்டார்.

மறுநாள் கடப்பாரை, மண்வெட்டி, கோடாலியோடு வந்து நின்றார். "இந்தக் கட்டை உனக்கு வேண்டாமாம், அக்காவை எடுத்துக்கச் சொன்னியாமே. காதுல விழுந்துச்சு. நானே தோண்டி எடுத்துட்டுப் போறேன்."

அவள் உள்ளே ஓடிப்போய்த் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் போனில் சிரித்துச் சிரித்து இருமினாள். மனுஷன் நிஜக்கட்டை என்றே நினைத்துவிட்டார்! தப்பித்தோம் என்று இருவருக்கும் உயிர் வந்தது.

ஆனால் அந்தத் தோண்டல் லேசில் முடிகிறதாக இல்லை. முதலில் கட்டையைச் சுற்றிக் குழி எடுத்தார். பிறகு தண்ணீர் விட்டு வேரில் ஒட்டிய மண்ணைக் கழுவினார். பக்கவேரை ஒவ்வொன்றாகக் கோடாலியால் வெட்டினார். ஒரு வேர் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அதை இஞ்ச் இஞ்சாக ரம்பத்தால் அறுக்க ஒரு நாள் முழுசாகப் போயிற்று. மெஷின் வைத்துக் கட்டையை அரைக்கிற ஆள் ஒருத்தன் வந்து பார்த்துவிட்டு, "அரைமணி நேர வேலைங்க இது" என்றான். அத்தான் அவனிடம் எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆறாவது நாள் குழி இடுப்பளவு ஆயிற்று. எட்டாவது நாள் அத்தானின் தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. வாய் தலையில் இருப்பதால் அதனால் ஒன்றும் குறையவில்லை. இதுவரை இடுப்பைப் பார்த்துப் பேசியவர் இப்போது காலைப் பார்த்துப் பேசினார். "குதிகால் வெடிச்சிருக்கே, தேங்காய் எண்ணெய் தடவக் கூடாதா?" என்று தரை மட்டத்திலிருந்து குரல் கேட்டதும் ஒரு பெண் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

பத்தாவது நாள், மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால், தலைமை நர்ஸ் மாதிரி யூனிஃபார்மை வாங்க வந்தாள். குழியிலிருந்து தலை நிமிர்ந்தது. "வாங்க வாங்க, டேப் பத்துச்சு!"

அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. நாற்பது யூனிஃபார்மும் அடுத்த தெருத் தையல்காரருக்குப் போயாயிற்று.

பதினோராவது நாள் காலையில் ஆணிவேர் அறுந்தது. அத்தான் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப, கட்டை மடாரென்று சாய்ந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகத் திரும்பியவரை எதிர்கொண்டு தையல்காரி நின்றாள். அவளுக்குள் இரண்டு வருஷமாக அடைத்துக்கிடந்தது உடைந்துவிட்டது.

"நாப்பது யூனிஃபார்ம் போச்சு அத்தான்! உங்க வாயால போச்சு! நீங்க வாசல்ல உக்காந்தா எவ வருவா? போதும் அத்தான், வராதீங்க!"

அத்தான் பக்கவாட்டில் கிடந்த கட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிச் சொல்றது அத்தான்?"

"போன்ல சொன்னியே. நல்லாத்தான் சொன்னே." அவர் விரலால் வேரிலிருந்த மண்ணைச் சுரண்டினார். "டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பாத்தே பிடிச்சவன் நான். கட்டைன்னா யாருன்னு எனக்குத் தெரியாதா? அங்கயும் வேண்டாம், இங்கயும் வேண்டாம். எங்கதான் போறது? தோண்டறேன்னு சொன்னா, தோண்டற வரைக்கும் யாரும் போகச் சொல்ல முடியாதில்ல. அதான் மெதுவாத் தோண்டினேன்."

தையல்காரிக்கு வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் எழுந்து போய்த் தள்ளுவண்டிக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். இருவருமாகக் கட்டையைக் கயிறு கட்டிக் குழியிலிருந்து இழுத்து வண்டியில் உருட்டி ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். குழியை மூடி, மண்ணை மிதித்து மட்டமாக்கிவிட்டுத்தான் போனார்.

மூன்று நாள் வாசல் வெறிச்சென்று கிடந்தது. ஆசைப்பட்டுக் கேட்ட வெறிச்சு. அவளால் ஒரு தையல் ஒழுங்காகப் போட முடியவில்லை. நாலாம் நாள் அக்கா போன் பண்ணினாள். "ஏழே முக்காலுக்கு டான்னு கிளம்பிப் போகுது, ஆறு மணிக்கு வருது. அங்கதானே இருக்கு?" இல்லை என்றதும் அக்காவுக்கும் சுருதி இறங்கிவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் தேடுவதென்று பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தலைமை நர்ஸ் இரண்டு மூட்டை யூனிஃபார்ம் துணியோடு இறங்கினாள்.

"உங்க ஆளு இப்ப அங்க உக்காந்திருக்காரு!" என்றாள் மூச்சு வாங்க. "அந்தத் தையல்காரர் கடை வாசல்ல. கட்டையெல்லாம் போட்டு. கஸ்டமர் உக்கார்றதுக்குன்னு சொல்லிக் குடுத்தாராம், கடைக்காரரும் சும்மா வர்றதுன்னு வாங்கிப் போட்டுக்கிட்டாரு. என் பொண்ணுங்க ஒருத்தி பாக்கியில்ல, எல்லாரையும் நிறுத்தி எடை போட்டுட்டாரு. 'இங்க தைச்ச பேண்ட்டுதான் இது, பாருங்க, ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை'ன்னு எந்திரிச்சு நின்னு வேற காட்டினாரு. வேற எங்கதான் போறதுன்னு நான் கத்தினேன். நிதானமா சொல்றாரு, 'பக்கத்துத் தெருவுல ஒரு கடை இருக்கு, அங்க வாசல்ல யாரும் இருக்க மாட்டாங்க'ன்னு."

தையல்காரி மூட்டைகளை வாங்கி மேஜைமேல் வைத்தாள். சிரிப்பு வந்தது. அதை முந்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்தது. தலைமை நர்சைத் திரைக்குள் உட்காரச் சொல்லிவிட்டு டேப்பைத் தேடினால் அது கழுத்திலேயே கிடந்தது.

இணைப்பைத் துண்டிக்காத போனில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "என்னடி ஆச்சு? கட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா?"

அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அத்தான் வேலைக்குப் போயிருக்கார்க்கா. ஆறு மணிக்கு வருவார்."