பதினாறு கேரட் நாற்று

மொட்டைமாடியில் வைத்திருந்த பெயிண்ட் வாளியில் பதினாறு கேரட் நாற்று குறைந்திருந்தது. கிருஷ்ணப்பிரியா இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொன்று இருந்தது, போனில் படமே இருக்கிறது, செவ்வாய்க்கிழமை இருபத்தைந்து. கேரட் நாற்றை உட்கார்ந்து எண்ணுகிற ஆளும் உண்டா என்றால், உண்டு. அவளுக்குப் பிழைப்பே அதுதான். யாரோ எழுதின புரோகிராமில் எங்கே கோளாறு என்று தேடிப் பிடிப்பதற்குத்தான் கம்பெனியில் அவளை வைத்திருக்கிறார்கள். எட்டு வருஷம் இதையே செய்து செய்து, பால் பாக்கெட் வாங்கினால்கூட ஓரத்தைத் தடவிப் பார்க்கிற ஆளாகிவிட்டாள்.

புறா கொத்தியிருந்தால் மண் சிதறியிருக்கும். அணில் என்றால் தண்டு பாதியில் நிற்கும். இங்கே நெருக்கமாக இருந்த இடத்தில் மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்து, குழியை விரலால் அமுக்கி மூடியிருந்தது. மண்ணில் பழகின கை. பாரிவாக்கத்தில் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் அப்படியொரு கை யாருக்கு இருக்கிறது? கீழ்வீட்டுச் சரசாவைத் தவிர யாருக்கும் இல்லை.

கட்டிடம் நிற்கிற இடமே சரசா குடும்பத்தினுடையதுதான். கத்தரியும் மிளகாயும் போட்டுக்கொண்டிருந்த நிலத்தை பில்டரிடம் விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டார்கள். சரசாவுக்குக் காலையில் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை, இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஸ்கூல் வேன் வருகிற நேரத்துக்கு கிருஷ்ணப்பிரியாவுக்குச் சரியாக மீட்டிங் வந்து நிற்கும். அதனால் யுகேஜி படிக்கிற மகள் எழிலரசியை வேனிலிருந்து இறக்கி, சோறு ஊட்டி, ஐந்து மணிவரை பார்த்துக்கொள்வது சரசாதான். எதையாவது வாங்கிக் கொடுத்தால், "இன்னா ப்ரியா, கொயந்தையப் பாத்துக்கறதுக்கா?" என்று திருப்பிவிடுவாள். சும்மா செய்கிறவர்கள்மேல் கிருஷ்ணப்பிரியாவுக்கு எப்போதுமே ஒரு சந்தேகக் கண் உண்டு.

கேரட் போட்டதே எழிலுக்காக. தட்டில் கேரட்டைக் கண்டால் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஓரம் வைக்கிற பிள்ளை, தானே வளர்த்தால் தின்னும் என்று யாரோ யூடியூபில் சொன்னார்கள். இருபது லிட்டர் வாளியில் ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து, அம்மாவும் மகளுமாக விதை தூவினார்கள். துணி எடுக்க வந்த சரசா எட்டிப் பார்த்தாள்.

"நல்லா மொளச்சதும் புடுங்கி வேற எடத்துல நட்ரு. இவ்ளோ நெருக்கமா தூவிகீறியே."

"ஐயோ, கேரட்டை இடம் மாத்தக் கூடாதுக்கா. வேர் கெட்டுரும். அதிகமா இருக்கறதப் பிடுங்கிக் குப்பைல போட்டுரணும்."

"உசுரோட கீறத இன்னாத்துக்குப் போடணும்?"

சரசா முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள். பிடுங்க வேண்டிய ஞாயிறு வந்ததும் எழில் வாளியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கிருஷ்ணப்பிரியா விட்டுவிட்டாள். அதற்குள்தான் இது.

பதினாறு நாற்று போனால் போகட்டும். எப்படியும் பிடுங்க வேண்டியதுதானே! ஆனால் அன்று சாயங்காலம் குளிப்பாட்டும்போது எழிலின் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக மண்.

"சரசாம்மா வீட்ல என்னடி பண்ணுன?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இது என்ன?"

எழில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "அது சீக்ரெட்."

கிருஷ்ணப்பிரியா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். போன மாதம்தான் பள்ளியில் பெற்றோரை உட்கார வைத்து, பெரியவர்கள் யாராவது குழந்தையிடம் ரகசியம் என்று சொன்னால் உடனே கவனியுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. தன் வயிற்றில் பிறந்தது, ஐந்து வயது, அதற்குள் தனக்குத் தெரியாத ஒரு விஷயம் அதன் தலைக்குள் இருக்கிறது! கணவன் பிரசன்னா, "செடி பிடுங்கினதுக்கா இவ்வளவு?" என்றான். இவனிடம் சொல்வதற்குச் சுவரிடம் சொல்லலாம் என்று, மறுநாளே வைஃபை கேமரா ஒன்றை வாங்கி, வாளி தெரிகிற மாதிரி தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டாள்.

அடுத்த நாளே சரசா படியில் நிறுத்திக் கேட்டாள். எழிலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாடில கேமரா மாட்டிகிறியாமே? பொம்பளைங்க துணி காயப்போடற எடம், ப்ரியா."

"திருட்டுப் போகுதுக்கா."

"இன்னா பூட்ச்சு?"

"கேரட் நாத்து. பதினாறு."

சரசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எழிலைப் பார்த்தாள். எழில் அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சரசாவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. முகம் மட்டும் சிவந்துபோனது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

செய்யாதவள் என்றால் சண்டைக்கு வந்திருப்பாளே! கிருஷ்ணப்பிரியாவுக்கு அந்த மௌனமே போதுமானதாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை எழிலைப் பூந்தமல்லி ரோட்டில் ஒரு டேகேரில் சேர்த்தாள். முதல் வாரம் முழுக்கப் பிள்ளை அழுதது, அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டது. கீழ்வீட்டைத் தாண்டும்போது மட்டும் நடை மெதுவாகும்.

கேமராவில் ஒன்றும் சிக்கவில்லை. தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு சரசா வருவாள். கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கு. வாளிப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். இடமிருந்து வலமாகப் போவாள், இரண்டு நிமிஷத்தில் காலி மக்கோடு திரும்புவாள். துணி எடுக்க வருகிறவளுக்கு மக்கு எதற்கு? கிருஷ்ணப்பிரியா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வலது பக்கம் லிஃப்ட் மோட்டார் ரூம், அதற்குப் பின்னால் உடைந்த டைல்ஸும் புறா எச்சமும்தான் கிடக்கும். கேமரா இருப்பது தெரிந்து தன்னை வெறுப்பேற்றுகிறாள் என்று முடிவு செய்தாள். இரண்டு மாதம் அந்த மக்கு அவள் கண்ணிலேயே நின்றது.

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாளியிலிருந்த கேரட்டைப் பிடுங்கினார்கள். குறை சொல்ல முடியாது, நீட்டுநீட்டாக, நல்ல நிறத்தில் வந்திருந்தது. எழில் மூன்றைக் கையில் வாங்கி, கடையில் வாங்கினதைப் பிடித்திருக்கிற மாதிரி நின்றாள்.

"சந்தோஷமா இல்லியா குட்டி?"

"இருக்கு." ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மத்ததும் இவ்ளோ பெரிசா ஆயிருக்குமா?"

"மத்ததா? எது?"

எழில் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னாள்: "நீ குப்பைல போட மாட்டேன்னு சொல்லு. அப்பதான் காட்டுவேன்."

லிஃப்ட் ரூமுக்குப் பின்னால், உடைந்த டைல்ஸை ஒதுக்கிவிட்ட இடத்தில், மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே கத்தரி நாற்று நட்ட மாதிரி அரைச் சாண் இடைவெளியில் கேரட் செடி, நாலு வரிசை, வரிசைக்கு நாலு. மண் நேற்றைய ஈரத்தோடு இருந்தது.

"நீ பிடுங்கிப் போட்ருவேன்னுதான் சரசாம்மாகிட்ட நான் சொன்னேன். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு ப்ராமிஸ் வாங்கினேன்."

"நீயா வாங்கின?"

"ம்."

கிருஷ்ணப்பிரியாவுக்குப் படிக்கட்டில் பாதியில் மூடிக்கொண்ட அந்த வாய் ஞாபகம் வந்தது. ஒரு ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தைக்காகத் திருடி என்கிற பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள் மனுஷி. பிள்ளை யாரிடமிருந்து ஒளித்தது என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. எழில் அதற்குள் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒன்றை இழுத்துவிட்டாள். குட்டையாக, இடுப்புக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, ஒரு கால்மேல் இன்னொரு கால் போட்டிருந்தது கேரட்.

"அம்மா, கால்! இதுக்குக் கால் முளைச்சிருக்கு!" மண்ணைக்கூடத் துடைக்காமல் காலில் ஒரு கடி கடித்து மென்றாள்.

அப்போது கிருஷ்ணப்பிரியாவின் கையில் இருந்த போன் டிங் என்று அடித்தது. மாடியில் ஆள் நடமாட்டம் என்று கேமரா செய்தி அனுப்பியிருந்தது. மணி ஐந்து. அவள் நிமிர்ந்தாள். லிஃப்ட் ரூமின் முனையில், நிறைந்த மக்கைக் கையில் பிடித்தபடி சரசா நின்றுகொண்டிருந்தாள். எழில் கேரட்டை ஆட்டிக்கொண்டே அவளிடம் ஓடினாள். சரசா குழந்தையைப் பார்க்கவில்லை, தன்னைக் காட்டிக்கொடுத்த அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மக்கு சாய்ந்து, தண்ணீர் அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது.