செம்மறி உயரம்

எங்கள் ஊரில் யூக்கலிப்டஸ் மரங்கள் தங்கள் கன்றுகளை மனிதர் வீடுகளில் விட்டு வளர்ப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் கோதுமையும் செம்மறியும் மட்டுமே உள்ள ஊர் இது. வெளியே முளைக்கும் கன்றை ஆடுகள் அன்றே மேய்ந்துவிடும்.

எங்கள் வீட்டுக்கு வந்தது வயல் நடுவே தனியாக நிற்கும் கிழ மரம். வேர்களைக் கால்மிதியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தது. விரல் நீளக் கன்று ஒன்றை யோகமலரிடம் நீட்டியது.

"எண்பது வருசமா எனக்கு ஒரு பிள்ளையும் தப்பேல்லை. இதுதான் கடைசி. செம்மறியளை விட உயரமா வளருமட்டும் வைச்சிருங்கோ."

யோகமலர் என் மனைவி, ஆஸ்பத்திரியில் தாதி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் சமையல் என் பொறுப்பு என்பதால் கன்றும் என் பொறுப்பானது.

யாழ்ப்பாணத்தில் கறிவேப்பிலை வளர்த்த கை சும்மா இருக்குமா? அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், புளித்த மோர் என்று ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். மூன்றாம் வாரம் இலைகள் மஞ்சளித்தன. கன்று தலையைத் தொங்கப்போட்டது. யோகமலர் மோர்ச் சட்டியை எடுத்து ஒளித்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த தாய்மரம் என்னைத் திட்டவில்லை.

"அன்பாத்தான் குடுக்கிறியள், தம்பி. ஆனா நாங்கள் ஒண்டுமில்லாத மண்ணிலை வளர்ந்த ஆக்கள். வயிறு நிறைஞ்சா செத்துப்போவம்."

ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டு வளர்ப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும். சமைக்கும்போது அதன் பக்கம் திரும்பமாட்டேன். அதைத் தாண்டிப் போகும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். அது மெல்லத் தேறியது.

மூன்றாம் கோடையில் பக்கத்துப் பண்ணையிலிருந்து செம்மறி ஒன்று அளக்க வந்தது. கன்றின் அருகில் நின்று கழுத்தை நீட்டியது. நுனி எட்டவில்லை. யோகமலர் நீட்டிய தாளில் குளம்பைப் பதித்துவிட்டுப் போய்விட்டது.

அன்றே தாய்மரம் வந்து கூட்டிப்போனது. இரண்டும் கிளை கோத்துக்கொண்டு வயலுக்குள் நடந்தன. நான் வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலை இரண்டு கிளிகள் அழைப்புமணியை அடித்தன.

"பொந்துள்ள மரம் ஒண்டும் இப்ப இல்லை. உங்கடை பிள்ளையிலை பொந்து விழுந்தா எங்களுக்குத்தான் தரவேணும்."

"அதுக்கு நூற்றைம்பது வருசம் செல்லுமே," என்றேன்.

"தெரியும். அதுவரைக்கும் இஞ்சை இருக்கலாமோ?"

யோகமலர் கன்று இருந்த அறையில் விரிப்பு மாற்றப் போனாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்காமல், உள்ளே வரச் சொன்னேன்.