விழாமல் போன கோல்கள்

அனுஷியாவுக்கு அந்தக் கப் வேண்டும். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பெருமைக்காரி என்பார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

வயது முப்பத்தொன்று. முழங்காலைப் பார்த்த டொக்டர் இந்த சீசனோடு போதும் என்று சொல்லிவிட்டார். எட்டு வருடம் கிளப்பின் ஃபுட்போல் டீமில் டிஃபென்ஸில் நின்றவள் அவள். பேப்பரில் படம் வருவதெல்லாம் கோல் அடிக்கிறவர்களுக்குத்தான். கோலைத் தடுத்தவளை எந்தப் பத்திரிகைக்காரன் தேடி வந்து படம் பிடித்தான்? தப்பித் தவறிப் பிடித்தாலும் தலை வெட்டுப்பட்டு, ஒரு கால் மட்டும் ஓரத்தில் தெரியும். இந்தக் கப் அப்படியில்லை. கிளப்பில் விளையாடுகிற பதினெட்டுப் பெண்களும் வாக்குப் போட்டு, இந்த வருடம் எங்களில் சிறந்தவள் இவள்தான் என்று தாங்களே கொடுப்பது. பக்கத்தில் நின்று விளையாடியவர்களுக்குக்கூட அவள் செய்தது தெரியாவிட்டால் பிறகு யாருக்குத் தெரியப்போகிறது?

வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில்தான் விழா. கிளப்பின் செயலாளர் கதிர்காமநாதன் வெறும் பால்மா டின் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். ஏதோ ஒரு கந்தோரில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். சட்டதிட்டம் என்றால் அவருக்குப் பாயாசம் சாப்பிட்ட மாதிரி.

“பிள்ளையள், ஒருத்தருக்கு ஒரு வாக்கு. தன்ர பேரைத் தானே எழுதினா அந்தத் துண்டு செல்லாது. நீங்க வாக்குப் போடுற பிள்ளையின்ர பேருக்குக் கீழ ஒரு வரி காரணம் எழுத வேணும். உங்கட பேர் தேவையில்லை.”

அனுஷியா பேனாவைக் கையில் எடுத்தாள். இப்போதுதான் அவளுக்குச் சிக்கல் புரிந்தது. யாருக்குப் போடுவது? நுஹா பதினேழு கோல் அடித்தவள். அவளுக்குப் போடுவது தன் வாயில் தானே மண்ணைப் போடுகிற வேலை. ரொஷேல் நடுக்களத்தில் நிற்பவள், எல்லோருக்கும் செல்லம். அவளுக்குப் போடுவது அதைவிட ஆபத்து. ஒரு வாக்கால் கப் போய்விட்டால்? கண்ணைச் சுழற்றிப் பார்த்தாள். கடைசிக் கதிரையில் மெற்றில்டா இருந்தாள்.

மெற்றில்டா இரண்டாவது கோல்கீப்பர். முதலாவது கோல்கீப்பருக்கு இந்த சீசன் முழுக்க ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை. அதனால் மெற்றில்டா ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை. ஒவ்வொரு மெட்ச்சுக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள், இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான். இவளுக்கு ஒரு வாக்குப் போனால் யாருக்கு என்ன நட்டம்?

பெயரை எழுதியாயிற்று. காரணம்தான் வரவில்லை. பேனாவைக் கடித்துக் கடித்து, கடைசியில் ‘பெஞ்சில் ஒழுங்காக இருப்பா’ என்று எழுதி, மடித்து டின்னில் போட்டாள். பெரிய ராஜதந்திரி என்று மனதுக்குள் நினைப்பு வேறு.

“வாக்கை மாத்திரமில்லை, காரணத்தையும் வாசிப்பன். எல்லாம் வெளிப்படையா இருக்க வேணும்” என்றார் கதிர்காமநாதன். அனுஷியா தன் துண்டு போன டின்னைப் பார்த்தாள்.

“மெற்றில்டா. தோடம்பழத்தில விதை எடுத்துத் தருவா.”

எல்லோரும் சிரித்தார்கள். மெற்றில்டாவும் சிரித்தாள்.

“மெற்றில்டா. ஒருநாளும் லேட் இல்லை.”

அதற்கும் சிரித்தார்கள்.

“மெற்றில்டா. சிரிச்ச முகம். மெற்றில்டா. என்ர தண்ணிப் போத்தலை ரெண்டு தரம் கண்டுபிடிச்சுத் தந்தவ.”

ஐந்தாவது துண்டுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நுஹா தன் நகத்தை ஆராய்ந்தாள். ரொஷேல் மின்விசிறியை அதற்கு முன் கண்டதேயில்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஹோலில் ராஜதந்திரி தான் ஒருத்தி மட்டுமில்லை என்று அனுஷியாவுக்கு விளங்கிவிட்டது. இடையில் நுஹாவுக்கு ஒரேயொரு வாக்கு வந்தது. காரணம்: ‘எங்கட மாமிட மகள்.’

“அடியே அஸ்கா! ஒனக்கு வேற காரணம் கெடைக்கல்லயா?” என்று நுஹா தன் மச்சியின் தொடையில் கிள்ளினாள்.

அனுஷியாவின் துண்டும் வந்தது. ‘பெஞ்சில் ஒழுங்காக இருப்பா’ என்று செயலாளர் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தார். ஹோல் கொல்லென்று சிரித்தது. அனுஷியா தலையைக் குனிந்துகொண்டாள். விளையாடக் கிடைக்காத ஒரு பிள்ளையைப் பற்றி இப்படியா எழுதுவது? வெட்கமாக இருந்தது. கப் கைநழுவிப் போன கவலைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

பதினாறு வாக்கு. கப்பை வாங்கிக்கொண்டு மெற்றில்டா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷமும் விளையாடாத எனக்குப் பதினாறு வோட். மற்றவள் வெல்லக்கூடாது என்டுதானே எல்லாரும் என்ர பேரை எழுதினீங்க? எனக்கு விளங்காதா? ஆனா கப்பைத் திருப்பித் தரமாட்டன். வீட்டு அலுமாரியில எந்தத் தட்டில வைக்கிறது என்டும் யோசிச்சிட்டன்.”

பதினேழு பேரும் கைதட்டினார்கள். அதைவிட வேறு என்ன செய்ய முடியும்?

“கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் ஒரு துண்டு கிடக்கு” என்றார் கதிர்காமநாதன். “முடிவு மாறாது. எண்டாலும் வாசிக்கிறதுதான் முறை.” மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “அனுஷியா அக்கா. எங்களுக்கு விழாமல் போன இருபத்தொரு கோலுக்காக. பெஞ்சில இருந்து எண்ணிக்கொண்டு வந்தனான்.”

யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெஞ்சிலேயே இருந்தவள் அங்கே ஒருத்திதான்.

அனுஷியா எழுந்து மெற்றில்டாவின் பக்கத்தில் போய் நின்றாள். “ஒழுங்கா இருப்பான்னு எழுதுனது நான்தான்டி.”

“தெரியும் அக்கா.”

“இருபத்தொண்ணா? நானும் எண்ணுனேனே. பத்தொம்போதுதான் வந்துச்சு.”

“ரெண்டு உங்களுக்குத் தெரியாது. நீங்க முகம் குப்புற விழுந்து கிடந்தீங்க. பந்து உங்கட முதுகில பட்டுத்தான் வெளியில போனது.”

“எந்த மெட்ச்சுல?” அழுதுகொண்டேதான் கேட்டாள்.

மெற்றில்டா கப்பை மேசையில் வைத்துவிட்டு, இருபத்தொன்றையும் முதலாவதிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நுஹா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.