ஊரில எவடம்?

கௌசி என்பது என் பெயர். வேலைத்தலங்களில் சமத்துவம் பற்றி வகுப்பெடுத்துப் பிழைப்பவள். நிறம், மொழி, பெயர் என்று எதை வைத்து ஒருவரைத் தள்ளிவைத்தாலும் விசாரித்து அறிக்கை எழுதிக் கொடுப்பேன். ஸ்கார்பரோவில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலை என்னைக் கூப்பிட்டதும் அதற்குத்தான்.

முறைப்பாடு செய்தவர் தவமணி அக்கா. றோல்ஸ் சுற்றும் மேசையில் அவர் கைக்கு ஈடில்லை. புது சூப்பர்வைசர் சச்சிதானந்தன் வந்த கிழமையே அவரிடம் "ஊரில எவடம்?" என்று கேட்டிருக்கிறார். இவரும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மறுநாளே சாப்பாட்டில் கை படாத இடமாகப் பார்த்து, சட்டி கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஊரில் எந்த இடம் என்று அந்த ஆள் கேட்டது ஊரையல்ல, சாதியை. யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் தொழிற்சாலை மனேஜர் மெலிசாவுக்கு விளக்க நான் பட்ட பாடு! "ஊர் விசாரிப்பது அன்புதானே? அவர்கள் இரண்டு பேரும் ஒரே இனம் வேறு," என்று ஆங்கிலத்தில் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவளும் நானும் சச்சிதானந்தனை அழைத்து விசாரித்தோம். என்னைக் கண்டதும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ. எங்கட பிள்ளையள் உப்பிடிப் பெரிய வேலையில இருக்கிறதைப் பாக்க எவ்வளவு சந்தோசம்! நீங்கள் ஊரில எவடம்?"

துணிச்சலைப் பாருங்கள்! விசாரணை மேசையிலேயே கேட்கிறார். இந்தக் கேள்விக்கு "ரவுன்தான் அண்ணை" என்று யாழ்ப்பாண நகரத்தைச் சொல்லி மழுப்பித்தான் ரொறன்ரோவில் இத்தனை வருடம் ஓட்டினேன். கலியாண வீட்டிலும் மழுப்பினேன், கோயிலிலும் மழுப்பினேன். இன்றும் மழுப்பலாம். ஆனால் தவமணி அக்கா சட்டி கழுவியே சாக வேண்டியதுதான். சொன்னால், இந்த ஆளின் வாயாலேயே விஷயம் வெளியே வரும், மெலிசாவும் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அதில எந்தப் பக்கம்? கோயிலடியோ?"

"இல்லை அண்ணை. குளத்துக்கு அங்கால."

அவர் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஓ... அப்பிடியே. அப்ப நீர் எப்ப கனடாவுக்கு வந்தனீர்?"

'நீங்கள்' போய், ஒரு படி இறங்கி 'நீர்' வந்துவிட்டது! நான் சட்டென்று மெலிசாவிடம் திரும்பினேன். "கேட்டீர்களா? முதலில் மரியாதையாகக் கூப்பிட்டார். ஊரைச் சொன்னதும் சொல்லை மாற்றிவிட்டார்."

"முதலில் என்ன சொன்னார்?"

"யூ."

"இப்போது?"

"யூ," என்றேன். ஆங்கிலத்தில் வேறு என்ன இருக்கிறது, சொல்ல?

"வயதில் சின்னவள் என்ற உரிமையில் சொன்னேன்," என்று சச்சிதானந்தன் நல்ல ஆங்கிலத்தில் சிரித்தார். எனக்கு வெறி வந்துவிட்டது. என் சாதி, குளத்துக்கு அப்பால் யார் யார் இருந்தோம், நான் ஏன் இவ்வளவு காலம் மழுப்பினேன், எல்லாவற்றையும் மெலிசாவிடம் ஆங்கிலத்தில் கொட்டினேன். மெலிசா தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினாள். அவள் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"இது உங்களையே பாதித்த விஷயம், கௌசி. அப்படியென்றால் நீங்கள் நடுநிலையாக இருக்க முடியாது. அறிக்கையை வேறு ஒருவர்தான் எழுத வேண்டும்," என்றாள். ஆள் கிடைக்கும்வரை எல்லாம் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டுமாம். எந்தப் பக்கத்தால் போவது இனி?

வெளியே நடையில் தவமணி அக்கா ஈரக் கையுறையோடு நின்றார்.

"என்ன பிள்ளை, எழுதுவியளோ?"

"ஏலாதாம் அக்கா," என்றேன். "நானும் உங்கட ஆள் எண்டபடியா ஏலாதாம்."