கரண்டிக் காம்பில் சைக்கிள் ட்யூப்

அன்று காலை சாம்பாரைக் கிளற நீளக் கரண்டியை எடுத்தபோது, அது தன்னுடைய கரண்டிதானா என்று எல்லம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய புடவைக் கிழிசலை நாலைந்து சுற்றுச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கி, கயிற்றால் ஒரு முடிச்சும் போட்டு, யாரோ அதன் காம்பைக் கத்தரிக்காய் கனத்துக்கு ஆக்கியிருந்தார்கள். காய் நறுக்கும் கத்திக்கும் அதே அலங்காரம். அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையலர் அவள், உதவியாளர் சந்திரம்மாள். அடுப்படியில் மூன்றாவது ஆள் கிடையாது. யார் வேலை என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

எல்லம்மாள் அவசரமாகத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அவள் விரல் மூட்டுகள் வீங்கிக் கிடந்தன. மார்கழிப் பனியில் வலி இன்னும் ஜாஸ்தி. விடிந்து வெகுநேரம்வரை விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்த சீட்டை மகனுக்கும் மருமகளுக்கும் தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். மகனுக்கு நிலையான வேலை இல்லை. மாசம் தவறாமல் வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். கை முடியாது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் இடத்துக்கு வரப்போவது வேறு யார்? சாட்சாத் சந்திரம்மாள்தான்.

சரி, மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே கரண்டியை அண்டாவில் விட்டாள். ஆச்சரியம், வலிக்கவில்லை. விரல்களை இறுக்கி மூட வேண்டிய அவசியமே இல்லாமல் காம்பு கைக்குள் பதவிசாக உட்கார்ந்தது. அந்தச் சுகம்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தன் கையை அளவெடுத்தல்லவா செய்திருக்கிறாள்! வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்து, இது யாருக்காக என்று கேட்க வேண்டும். அதுதானே கணக்கு?

"இன்னாடி இது?"

சந்திரம்மாள் பூசணிக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சூடு தாக்காம இருக்கும்னு சுத்தினேங்க்கா."

பதினோரு வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தும் தாக்காத சூடு இந்த வருஷம்தான் தாக்குகிறதாக்கும்!

அதன்பிறகு எல்லம்மாள் கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து அடுப்பு மூட்டுகிறவள் சந்திரம்மாள். எல்லம்மாள் வருவதற்குள் அவளுக்கு ஒரு மணி நேரம் தனியாகக் கிடைக்கும். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒருநாள் உப்பு டப்பா மூடியைச் சந்திரம்மாள் முழங்கையால் அழுத்தி மூடுவதைப் பார்த்தாள். எல்லம்மாள் யாரும் பார்க்காதபோது மூடுவதும் அப்படித்தான். நடித்துக் காட்டுகிறாள், கேலி செய்கிறாள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பதுகூட முடியாத, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவளுக்கு மூடி போட முழங்கை எதற்கு? இன்னொரு நாள் அண்டா இறக்குவதற்கு ஆறாம் வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டாள். சமையலரால் முடியவில்லை என்று ஊருக்குத் தண்டோரா போடுகிறாளாம்.

வியாழக்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆபீசரம்மா பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. இனியும் சும்மா இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று எல்லம்மாள் முடிவு கட்டினாள். புதன்கிழமை சாயங்காலம் சந்திரம்மாள் பஸ்ஸுக்குப் போனதும், கரண்டியிலும் கத்தியிலும் இருந்ததையெல்லாம் பல்லால் கடித்துப் பிரித்து, பேப்பரில் மடித்து சத்துணவு அமைப்பாளர் சக்கரவர்த்தியிடம் கொண்டுபோய் வைத்தாள். குழந்தைகள் சாப்பிடுகிற சோற்றில் கண்ட ரப்பரையும் கலக்கிறாள் சார், நாளைக்கு ஒன்று ஆனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாள். சக்கரவர்த்தி கெட்டவர் இல்லை. தன் நாற்காலிமேல் பயம் உள்ளவர். ஆபீசர் வரும்போதே விசாரித்துவிடலாம் என்று பொட்டலத்தை மேஜை டிராயரில் போட்டார். அவ்வளவு தூரம் போகும் என்று எல்லம்மாள் நினைக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் வெறும் காம்பால் சாம்பாரைக் கிளறி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது. சந்திரம்மாளோ மொட்டைக் காம்பைப் பார்த்துவிட்டு, சுற்றியிருந்த ட்யூபை அடுப்படியெங்கும் தேடினாள். மதியம் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். பரிமாறுவது உதவியாளர் வேலை. எல்லம்மாள் நிலைப்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் சந்திரம்மாள் கரண்டியை இடது கைக்கு மாற்றினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் குழந்தை தட்டை நீட்ட, கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. நல்லவேளை, சாம்பார் குழந்தையின் காலில் படவில்லை. சந்திரம்மாள் குனிந்தாள். விரல்கள் காம்பைப் பிடிக்க மறுத்தன. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே அணைத்து அதைத் தூக்கினாள்.

தினமும் விடியற்காலையில் எல்லம்மாள் காப்பி டம்ளரைத் தூக்குவது அப்படித்தான்.

கரண்டி காலையில் தன் கையில், மதியம் சந்திரம்மாள் கையில். பதினோரு வருஷம் ஒரே கரண்டியைப் பிடித்தும் இது தனக்கு உறைக்கவில்லையே என்று எல்லம்மாள் தன்னையே நொந்துகொண்டாள். சந்திரம்மாள் அளவெடுத்தது அவளுடைய சொந்தக் கையைத்தான். வேலை போய்விடும் என்று அவளும் பயந்திருக்கிறாள். இந்தப் படுபாவி எல்லம்மாளோ அதைக் கொண்டுபோய்ப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

பிள்ளைகள் எழுந்துபோகும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. சக்கரவர்த்தி ஆபீசர் இறங்கி வருவதற்கு முன்னால் வேகமாகச் சமையல் கூடத்துக்குள் வந்து, மேடைமேல் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது யாருக்கு வேணும்? இப்படிச் சுத்திப் பிடிக்கிற அளவுக்கு யாருக்குக் கை முடியல? மேடம் வர்றதுக்குள்ள சொல்லிடுங்க."

சந்திரம்மாள் ட்யூபைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், கடைசியில் எல்லம்மாளைப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று புரிந்துவிட்டது. அக்காவுக்குத்தான் சார் என்று ஒரு வார்த்தை போதும். வேலையும் தப்பும், பதவியும் வரும். அதைத்தான் சொல்லப் போகிறாள் என்று எல்லம்மாள் காத்திருந்தாள். அந்த நிமிஷத்திலும் அவளை நம்ப முடியவில்லை. சந்திரம்மாள் கைகளை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றாள். எல்லம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கரண்டியை எடுத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கிழிசலைச் சுற்றினாள். அதன்மேல் ட்யூபைச் சுற்றினாள்.

"எனக்குத்தான் சார் வேணும்" என்றாள்.

கயிறு மட்டும் வழிக்கு வரவில்லை. முடிச்சுப் போடப் போட விரல்களுக்குள் நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியபோது, முந்தானைக்குள்ளிருந்து ஒரு வீங்கிய விரல் வந்து கயிற்றின்மேல் அழுந்தியது.

"இஸுங்கக்கா."

எல்லம்மாள் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியைக் கையில் சுற்றி இழுத்தாள். முடிச்சு விழுந்தது. சந்திரம்மாளின் விரல் அதற்குள் மாட்டிக்கொண்டது. எடுக்க இரண்டு பேராலும் முடியவில்லை. சக்கரவர்த்தி நாலு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசரின் செருப்புச் சத்தம் வாசல்வரை வந்து நின்றது.