கிழவரின் இடது கண்

ஜோதிமணி அந்தக் கிழவரின் முகத்தை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளை வளர்த்த கைகளுக்கு அது தானாக வருவதுதானே? கன்னத்தில் சோற்றுப் பருக்கையைக் கண்டால் முந்தானை நுனி நாக்குக்குப் போகும், நாக்கிலிருந்து கன்னத்துக்கு வரும். இந்தக் கன்னம் முந்நூறு வருஷத்துப் பழைய ஓவியம் என்று கைக்கு எப்படித் தெரியும்?

வளைகுடாவில், ரூவியில் அவள் வீட்டுவேலை செய்யும் பாஸ்கர் சார் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் சுவரில் சாய்ந்திருந்தது. கோனு புயலில் வீட்டுக்குள் சேறு புகுந்த டச்சுக் குடும்பம் ஒன்று, போதுமடா சாமி என்று சாமான்களை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பியபோது பாஸ்கர் வாங்கி வந்தது. தலையும் தாடியும்தான் முழுசாக இருந்தன. தோள் நாலு இழுப்போடு நின்றுபோயிருந்தது, அதற்குக் கீழே வெறும் பழுப்பு. மூன்று மாதமாகப் பெருக்கும்போதெல்லாம் ஜோதிமணி நின்று பார்ப்பாள். நெற்றிச் சுருக்கத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரைந்தவனுக்கு ஒரு கை வரைய நேரமில்லையா? கிழவர் வேறு தலையைத் தூக்கி யாரையோ பார்க்கிறார். யாரை? கண்களை அழுக்கு மறைத்தது. அந்த அழுக்கைத்தான் இன்று எச்சில் முந்தானை தள்ளிவிட்டது. இடது கண் ஈரமாக விழித்துக்கொண்டது.

"அதைத் தொடாதே ஜோதி, துணிகூடப் படக் கூடாது" என்று பாஸ்கரின் மனைவி ஜலஜா அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இந்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். பாஸ்கர் சார் கையெழுத்துப் போடாவிட்டால் கலாஸ், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதைவிட இன்னொன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பெரிய மனுஷன் முகத்தில் எச்சிலா?

மறுநாளே படத்தைச் சுத்தம் செய்ய லுக்மான் பாய் வந்துவிட்டார். கீழக்கரைக்காரர், துபாயில் பழைய படங்களைச் செப்பனிடுகிறவர். ரமலான் மாதம். ஜலஜா பழக்கத்தில் காபி என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது பெரிய படத்துக்கு முன்னாடி பழகிப் பாக்குறதும்மா" என்றார் அவர். "தெருவுல போற கிழவரைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து உக்கார வைப்பாங்க. முகம் மட்டும் போதும். அப்புறம் அதே முகத்தைப் பெரிய படத்துல ஒரு மகானுக்கு வச்சுருவாங்க."

அடுக்களை வாசலில் நின்ற ஜோதிமணிக்குப் பொறுக்கவில்லை. "அப்ப உக்காந்தவரு பேரு?"

"யாரு எழுதி வச்சா?"

"அசையாம இருக்குறதே ஒரு ட்யூட்டியா! கழுத்து வலிச்சிருக்குமே."

லுக்மான் சிரித்தார். சிரித்தபடியே கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தின் அருகே குனிந்தார். சிரிப்பு நின்றது. "இடது கண்ணை யாரோ தொட்டிருக்காங்க."

ஜலஜா ஜோதிமணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சோப்பா, பெட்ரோலா, எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் அவர். "தெரியாம மேல கை வச்சா முகமே போயிரும்."

முகமே போய்விடுமா? விசா ஒரு பக்கம், இந்த முகம் ஒரு பக்கம். ஜோதிமணி அடுக்களை வாசலை விட்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. சோப்பு இல்ல." தலையைக் குனிந்துகொண்டாள். "எச்சி."

"சீ! என்ன காரியம் பண்ணியிருக்கே!" என்றாள் ஜலஜா. "சார் வரட்டும்."

லுக்மான் பையைத் திறந்து, மூங்கில் குச்சி ஒன்றில் பஞ்சைச் சுற்றினார். "நாங்களும் அதுலதாம்மா ஆரம்பிப்போம். மேலழுக்கைச் சாயத்துக்கு நோகாம எடுக்க அதை மாதிரி ஒண்ணு கிடையாது." குச்சியை வாய்வரை கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தினார். "அட, நான் நோன்பு. வாயி வறண்டு கிடக்கு." ஜலஜாவைப் பார்த்தார். அவள் ஓரடி பின்னால் போனாள். குச்சி ஜோதிமணி பக்கம் நீண்டது. "அக்கா, தேய்க்காம உருட்டணும். குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி."

ஜோதிமணி குச்சியை வாங்கவில்லை. முதலில் படத்தின் முன் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகுதான் வாங்கிப் பஞ்சை நாக்கில் வைத்தாள். ஜலஜா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய் ஜன்னல் திரையை இழுத்து ஒதுக்கினாள்.

வெயில் விழுந்த வலது கண்ணின் மேல் பஞ்சு மெல்ல உருண்டது. வெள்ளைப் பஞ்சு பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது. கருவிழிக்குள் அரிசி நுனியளவு வெள்ளையாக ஒரு சதுரம் தெளிந்தது. கிழவர் அன்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜன்னல். அதன் ஓரமாக ஆள் உருவம் போல இன்னும் ஏதோ கறுப்பாக நின்றது. ஜோதிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சை மறுபடி நாக்கில் வைத்தாள்.